நாற்பத்தோராயிரம் ரூபாய்க் குழம்பு

ஐம்பது ரூபாய் என்று ஜெரோம் சொன்னதும் கூட்டம் சிரித்தது. இஞ்ஞாசியம்மாளுக்கு ஒரு கணம் எதுவும் பிடிபடவில்லை. பந்தலுக்கு நடுவில் கோயில்பிள்ளை சவரிமுத்து மைக்கை வலது கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய இடது கையில் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய செவலைச் சேவல். இரண்டு வருஷம் கம்பும் சோளமும் போட்டு வளர்த்தது. தெருவில் நடந்தால் நாய் ஒதுங்கும். அதற்கு ஐம்பது ரூபாய்.

சம்மனசுபட்டி அந்தோனியார் கோயில் திருவிழாவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேர்ச்சைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, ஆட்டுக்குட்டி என்று வரிசையாகப் போய்க் கடைசியில் சேவல் வரும். கடைசிச் சேவலை ஜெரோம்தான் எடுப்பார். அதற்கு முன்னால் அவருடைய அப்பா எடுத்தார். நிலக்கோட்டை மார்க்கெட்டில் அவருக்குப் பூக் கமிஷன் கடை. ஊரில் பாதிப் பேர் பறிக்கிற மல்லிகை அவர் தராசில்தான் ஏறி இறங்கும் என்பதால் அவருக்கு மேலே யாரும் கேட்கமாட்டார்கள். அவரே ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஒரு தொகையைச் சொல்லுவார், கூட்டம் கைதட்டும், சேவல் அவர் காரில் ஏறும். இதுதான் வழக்கம். அந்த வருஷம் கடைசிச் சேவலாக வந்தது இஞ்ஞாசியம்மாளின் நேர்ச்சை.

அவளுடைய புருஷன் அந்தோணிராஜ் பதினான்கு வருஷம் ஜெரோமின் பூ வண்டியை ஓட்டியவன். விடிவதற்குள் கோயம்புத்தூரில் பூ இறங்கவேண்டும் என்றால் சம்மனசுபட்டியில் எல்லோரும் சொல்கிற பெயர் அவனுடையது. போன மழைக்காலத்தில் ஒட்டன்சத்திரம் தாண்டி வண்டி கவிழ்ந்தது. பள்ளத்தில் கிடந்த வண்டிக்குள்ளிருந்து அவன் தோள்பட்டை எலும்பு முறிவோடு உயிராய் வந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெரோம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "பூ எத்தனை மூட்டைப்பா தேறும்?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தோணிராஜ் அதற்கும் பதில் சொன்னான். இஞ்ஞாசியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் சேவலை அந்தோனியாருக்கு என்று அவள் நேர்ந்துகொண்டதும் அங்கேதான், இனி அந்த ஆளின் வண்டிச் சாவியை இவன் தொடக்கூடாது என்று முடிவெடுத்ததும் அங்கேதான். தோள் கூடியதும் அந்தோணிராஜ் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். சொந்தமாக ஒரு சின்ன வண்டி எடுப்பதாகப் பேச்சு. முன்பணம் சேர்ந்துவிட்டது. திங்கள்கிழமை திண்டுக்கல் பைபாஸில் இருக்கிற வண்டிக் கம்பெனிக்குப் போய்க் கட்டவேண்டியதுதான் பாக்கி. இதெல்லாம் ஜெரோமுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஐம்பது ரூபாய்க்குக் கூட்டம் சிரித்ததன் காரணம் அதுதான்.

"அம்பது ரூபா ஒரு தரம்," என்றான் சவரிமுத்து. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. காலையில் பூசைக்கு மணி அடிக்கிறவன், மத்தியானம் ஜெரோம் கடையில் மூட்டை கட்டுகிறவன். "அம்பது ரூபா ரெண்டு தரம்."

"ஆயிரம்," என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

தான் எழுந்து நிற்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து இதுவரை யாரும் ஏலத்தில் குரல் கொடுத்ததில்லை. நாத்தனார் செபாஸ்தியம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏத்தா, ஒக்காரு. கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? ஒஞ் சேவலை நீயே கேப்பியா?"

"சாமிக்கு விட்டாச்சு மதினி. இப்ப அது என்னுது இல்ல. யாரு வேணா கேக்கலாம்."

ஜெரோம் நாற்காலியில் சாய்ந்துகொண்டே திரும்பிப் பார்த்தார். "ரெண்டாயிரம்," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இவள் ஐந்தாயிரம் என்றாள். அவர் ஆறு என்றார். இவள் பத்து என்றாள். பத்தைத் தாண்டியதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். சேவல் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. இருபதில் அவர் கால்மேல் கால் போட்டிருந்ததை இறக்கினார். முப்பதில் பங்குச் சாமியார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். இஞ்ஞாசியம்மாள் புருஷனைத் தேடினாள். ஆண்கள் பக்கத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் அவன் குனிந்த தலையோடு நின்றான். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்திருந்தால், வேண்டாம் என்று ஒரு கண்ஜாடை காட்டியிருந்தால் அவள் உட்கார்ந்திருக்கவும் கூடும். அவன் நிமிரவில்லை.

"நாப்பது," என்றார் ஜெரோம்.

"நாப்பத்தொண்ணு."

அவர் எழுந்து போய்ச் சவரிமுத்துவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "சரிப்பா. தங்கச்சி ஆசைப்படுது. நல்லாச் சாப்பிடட்டும்," என்றார். கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு முதலில் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. விட்டுக்கொடுத்தது போல விட்டு, வண்டியைப் பறித்துவிட்டார் என்று அவளுக்கு விளங்குவதற்குள் சவரிமுத்து மூன்று தரமும் சொல்லி முடித்துவிட்டான். அவள் வீட்டுக்கு நடந்து போய், பீரோவைத் திறந்து, வண்டிக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துவந்து கட்டினாள். சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோயில் வாசலிலிருந்து தன் தெரு வரைக்கும் நடுரோட்டில் நடந்தாள். யாரைப் பார்த்தும் தலையைத் திருப்பவில்லை.

அந்தோணிராஜ் அன்று முழுவதும் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், சாப்பிட்டான். படுக்கும்போது, "வேடசந்தூர்ல மில் பஸ்ஸுக்கு டிரைவர் கேக்குறாகளாம்," என்று மட்டும் சொன்னான். கோபமா, சலிப்பா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வேப்பமரத்தில் கட்டியிருந்த சேவலை இதுவரை பார்க்காதது போலப் பார்த்தார்கள். அறுக்காதே, அப்படியே வளர்த்துவிடு என்றார் ஒருவர். கோயிலுக்கே திருப்பிக் கொடு, அடுத்த வருஷம் மறுபடி ஏலம் விடலாம், உனக்கும் புண்ணியம் என்று சாமியார் சொல்லி அனுப்பினார். செபாஸ்தியம்மாள் திண்ணமாகச் சொன்னாள்: "இம்புட்டுக் காசு குடுத்து வாங்குனத வயித்துக்குள்ள போட்டா வயிறு ஏத்துக்குமா? தொண்டையில நிக்கும்." திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிற மகள் சகாயசெல்வி திருவிழாவுக்கு வந்தவள் இன்னும் கிளம்பவில்லை. அவள் மட்டும் எதுவும் சொல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே வளைய வந்தாள்.

இஞ்ஞாசியம்மாளுக்கு அந்த மகளைக் கல்லூரியில் சேர்த்த நாள் நினைவுக்கு வந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட ஓட்டலில் மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டார்கள். அவள் வாழ்க்கையிலேயே பெரிய சாப்பாடு அதுதான். விலை அட்டையை முதலிலேயே பார்த்துத் தொலைத்துவிட்டதால் ஒவ்வொரு வாய்க்கும் எத்தனை ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கறி வெந்திருந்ததா, உப்பு சரியாக இருந்ததா என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது. வெயிட்டர் இலையை எடுக்க வந்தபோது தப்புச் செய்தவள் மாதிரி எழுந்துகொண்டது மட்டும் நினைவிருந்தது.

வெயில் ஏறியபோது சவரிமுத்து சைக்கிளில் வந்தான். சட்டைப் பை புடைத்திருந்தது. உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான்.

"அண்ணன் அனுப்புச்சு," என்றான். "நிலக்கோட்டை மார்க்கெட்டுல காலையில இருந்து இதே பேச்சா இருக்கு. டிரைவர் பொண்டாட்டிகிட்ட ஜெரோமு தோத்துட்டாருன்னு. செம்பட்டியில இருந்து வந்த ஏவாரி ஒருத்தன் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டான். நீங்க கட்டுன காசு பூராத்தையும் அண்ணன் குடுத்து விட்டிருக்கு. மேல ஒரு அஞ்சும் இருக்கு. சேவலை மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க."

"அம்புட்டுதானா?"

சவரிமுத்து சைக்கிள் பெல்லைத் தடவினான். "அண்ணன் சொல்லித்தான் ஏலம் கேட்டேன், கோயிலுக்குக் காசு சேரட்டும்னு வெளையாட்டுக்குப் பண்ணோம்னு யாராச்சும் கேட்டா நீங்க சொல்லணுமாம். அந்தோணிராஜு நாளைக்கே வண்டிக்கு வந்துரலாம்னும் சொல்லுச்சு."

பணம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சட்டைப் பைக்குள் இருந்தது. பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் திண்டுக்கல். வண்டி வந்துவிடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுவும் பொய்யான வார்த்தை, காற்றில் போய்விடும். அவளால் சொல்லிவிட முடியும் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. புருஷனைப் பார்த்தாள். இந்தக் கூத்தில் அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவனுக்காகவாவது வாங்கிக்கொள்ளலாம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தோணிராஜ் எழுந்தான். உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் கத்தி இருந்தது. சவரிமுத்து சைக்கிளோடு இரண்டடி பின்னால் போனான். அந்தோணிராஜ் அவனைப் பார்க்கவே இல்லை. வேப்பமரத்துக்குப் போய், சேவலின் கால்கட்டை அவிழ்த்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தான். முறிந்து கூடிய தோளை ஒருபக்கமாகச் சாய்த்து நடப்பவன் அன்று நேராக நடந்தது போல அவளுக்கு இருந்தது. போகிறபோக்கில், "செல்வி, வெந்நி போடு," என்றான்.

பிறகு இஞ்ஞாசியம்மாள் அடுப்படிக்குள் போய், ரேஷன் அரிசி ஊறிக்கொண்டிருந்த சட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "ஏத்தா செல்வி, கடைக்குப் போயி சீரகச் சம்பா வாங்கியா. நெய்யும் வாங்கு. பாக்கெட்டு நெய்யி வேணாம், பாட்டில்ல இருக்குமே, அது. முந்திரி இருந்தா அதுவும்."

"எம்மா, கோழிக் கொழம்புக்கு எதுக்கும்மா முந்திரி?"

"நாப்பத்தோராயிரத்துக்குக் கொழம்பு வைக்கிறேன். முந்திரிக்குக் கணக்குப் பாக்கச் சொல்றியா?"

சின்ன வெங்காயத்தை உரித்து வதக்கினாள். மிளகையும் சீரகத்தையும் தேங்காயையும் மிக்ஸியில் போடாமல் அம்மியில் வைத்து அரைத்தாள். வயசான சேவல். விசில் மேல் விசில் விட்டும் கறி வேகவில்லை. குக்கரைத் திறந்து குத்திப் பார்த்து மறுபடி மூடினாள். மிளகு வாசனை தெருமுனை வரைக்கும் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். சவரிமுத்து போகவில்லை. போய் என்ன சொல்வதென்று தெரியாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் குத்தவைத்துப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செபாஸ்தியம்மாள் கடைசியாக ஒரு முறை வந்து, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாவது சாப்பிடுங்கள், ஊர்க் கண் படும் என்றாள். இஞ்ஞாசியம்மாள் பாயை வாசலில் விரித்தாள்.

வாழை இலை போட்டாள். நான்கு இலை. "சவரிமுத்து, வா."

"எனக்கு வேணாம்க்கா. அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"நீதான ஏலம் விட்ட. என்ன வித்தோம்னு தெரியவேணாமா ஒனக்கு? வந்து ஒக்காரு."

அவன் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். சோற்றின் மேல் நெய்யை ஊற்றினாள். குழம்பை ஊற்றினாள். ஈரலை எப்போதும் போல அந்தோணிராஜின் இலையில் வைத்தாள். அவன் அதைப் பிட்டான். பாதியை எடுத்து அவள் இலையில் வைத்தான். தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"ஏன்யா, திட்டணும்னா திட்டிரு," என்றாள் மெதுவாக.

"எதுக்குத் திட்ட? நேத்து ஏலத்துல நான் நிமிந்து பாத்திருந்தா, நிறுத்திரலாம்னு சொல்லிருப்பேன். அதான் பாக்கல." அவன் எலும்பை எடுத்தான். "கறி வேகலத்தா."

"வேகாது. அது அப்படிப்பட்ட சேவலு."

சவரிமுத்துவின் பையில் போன் அடித்தது. எச்சில் கையோடு அவன் விழித்தான். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. சகாயசெல்வி எட்டி அதை எடுத்து, அவனைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்தாள்.

"என்னடா ஆச்சு? சேவலை வாங்கிட்டியா?" என்றது ஜெரோமின் குரல்.

சவரிமுத்து வாயில் இருந்ததை விழுங்கினான். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேண்ணே."

"என்னத்தடா?"

போனில் வண்டிச் சத்தமும் மார்க்கெட்டு இரைச்சலும் கேட்டன. யாரோ கிலோ விலையைக் கூவினார்கள். ஜெரோம் போனை வைக்கவில்லை. தெருவில் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சவரிமுத்து சட்டைப் பையிலிருந்த பணக்கட்டை இடது கையால் எடுத்துத் தன் பக்கத்தில், மண் படாமல் பாயின் மேல் வைத்தான். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

இஞ்ஞாசியம்மாள் தொடைக்கறியைக் கையில் எடுத்தாள். நார் நாராக இழுத்தது. பல்லுக்கு வசப்படவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மென்றாள், தாடை வலித்தது, மிளகு நெற்றியில் வேர்வையாக இறங்கியது. போன் இன்னும் திறந்தே கிடந்தது. அவள் எலும்பைக் கடைவாய்ப் பல்லில் வைத்து, அவசரமே இல்லாமல், படீரென்று உடைத்து உறிஞ்சினாள்.