பாலத்திலிருந்து தெரியும் பாதி

பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் டிரைவர் இரண்டாவது கியருக்கு மாற்றினார். அந்த ஏற்றத்துக்கு மூன்றாவதே தாராளம். வழக்கமாக வருகிற எல்லோருக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் அந்தப் பேருந்துக்கு எங்கிருந்தோ மூச்சுத் திணறல் வந்துவிடும், பாலத்தின் உச்சியில் நத்தை மாதிரி ஊரும், இறக்கத்தில் தானாகக் குணமாகிவிடும். பாலத்தின் மேலே போனால் கால்பந்து மைதானம் தெரியும். முழு மைதானம் இல்லை. ஒரு பாதியைச் சோப்பு விளம்பரப் பலகை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி நுரைக்குள் நின்று ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பாதியில் ஒரு கோல் கம்பம், அதற்குப் பின்னால் சிமெண்ட் படிக்கட்டு, படிக்கட்டில் கொஞ்சம் தலைகள். டிரைவருக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் அவர். லீவு கொடுக்கிற ஆளுக்கு மற்றவர்கள் என்ன செய்துகொடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ செய்துகொடுக்கிறார்கள் என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தையும் அவர் இரண்டு மடக்காகத்தான் குடித்தார். போகும்போது ஒரு மடக்கு, திரும்பும்போது ஒரு மடக்கு. நடுவில் நடந்ததை யாராவது சொன்னால் நம்பமாட்டார். செய்தித்தாளில் போட்டால், எழுதியவன் ஆட்டத்துக்கே போயிருக்கமாட்டான் என்பார். கண்ணால் பார்த்தால்தான் அவருக்குக் கணக்கு.

இத்தனைக்கும் அந்த அணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முன்வரிசையில் ஆடுகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. பந்து தன்னிடம் வந்துவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நின்ற மாதிரி முழிப்பான். தோற்ற நாளில் டிரைவர் வீட்டுக்குப் போனால் மனைவி முடிவைக் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தட்டை வைத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அதிசயமாக ஜெயித்த நாளில் இவரே அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு பாதி மைதானத்தில் பார்த்ததை முழு ஆட்டமாக விரித்துச் சொல்லுவார். அவளும் வெங்காயம் நறுக்கியபடி "அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" ஒன்றுக்காகவே அடுத்த ஐந்தாறு தோல்விகளைத் தாங்கிவிடலாம்.

ஜெயிக்கிற அணியைப் பிடித்துக்கொள் என்று அவருக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அது எவனுக்கும் முடியும், காலி சீட்டைப் பார்த்து உட்காருகிற மாதிரி. அந்த ஊரில் பிறந்தாயிற்று, வேறு ஊர் அணிக்குத் தட்டக் கை வராது. வெட்கங்கெட்ட கை.

இன்றைக்கு இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ஜெயிக்கக்கூட வேண்டாம், சமன் செய்தால் போதும். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். கீழ்ப் பிரிவு ஆட்டங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே, செங்கல் சூளைக்குப் பக்கத்துப் பொட்டலில் நடக்கும். அந்தப் பக்கம் எந்தப் பேருந்தும் போகாது. அப்புறம் பாலத்தின் மேல் அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் சோப்புக்காரியைத்தான் பார்க்கவேண்டும்.

"அண்ணே, இன்னைக்காவது ஒழுங்கா ஓட்டுங்க" என்று பின்னாலிருந்து கண்டக்டர் அம்மாள் குரல் கொடுத்தாள். "இங்க ஒருத்தர் ரயிலுக்குப் போகணுமாம்."

"ரயில் நிக்கும்மா."

"யாருக்காக? உங்களுக்காகவா?"

"எந்த ரயில் நேரத்துக்கு வந்திருக்குன்னு கேளு அவர."

கண்டக்டர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பல வருஷமாக இவரோடு ஒரே வண்டி. பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் அவளுக்குக் கால்பந்தில் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்கிற உத்தேசமும் இல்லை. "தோத்தாங்கோளிக் கூட்டம். அதுக்கு ஒரு பூசாரி" என்று பயணிகளிடம் சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தாள்.

வண்டி உச்சிக்கு வந்தது. முதல் பாதி ஆட்டம். இந்தப் பக்கத்துக் கோல் எதிரணியுடையது, நம் ஆட்கள் அடிக்கவேண்டியது. டிரைவர் பார்த்தபோது ஒட்டடைக்குச்சி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான். முழிக்கவில்லை. ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் குறுக்கே விழுந்தான், அவனையும் தாண்டினான். காலை வீசினான். வலை குலுங்கியது. நன்றாக, வயிறு முட்டச் சாப்பிட்டவன் தும்முகிற மாதிரி குலுங்கியது. படிக்கட்டில் இருந்த தலைகள் எழுந்தன. அதற்குள் வண்டி இறக்கத்துக்கு வந்துவிட்டது.

டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "கோலு! கோலும்மா! ஒட்டடைக்குச்சி அடிச்சிட்டான்!" பேருந்து முழுக்கக் கத்தியது. ரயிலுக்குப் போகவேண்டியவர் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். தையல் கடையில் சொன்னார். பழக்கடையில் சொன்னார். முடிதிருத்தகத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே கேட்கும்படி கத்தினார். "யார் சொன்னா?" என்று கடைக்காரர் கத்தியோடு வெளியே எட்டிப் பார்த்தார். "யாரும் சொல்லல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார் டிரைவர். எவனையும் நம்பாத மனுஷன் அப்படிச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, டைம்கீப்பரின் கூண்டுக்கு எக்களிப்போடு போனார். டைம்கீப்பரின் மச்சான் மைதான வாசலில் குளிர்பானம் விற்கிறவன். டைம்கீப்பர் அப்போதுதான் அவனோடு ஃபோனில் பேசி முடித்திருந்தார்.

"ஒண்ணு, பூஜ்யம்" என்றார்.

"நான்தான் பாத்தேனே."

"ஒண்ணு அவங்களுக்கு. பூஜ்யம் நமக்கு."

டிரைவர் சிரித்தார். "உன் மச்சான் குடிச்சிருக்கானா? வலை குலுங்குச்சுய்யா."

"வெளிப்பக்கம் குலுங்கியிருக்கு. பந்து கம்பத்துக்கு அந்தப் பக்கமாப் போய் வலையில பட்டிருக்கு. மைதானத்துல ஒரு ஆள் கத்தலையாம். எல்லாரும் பாலத்தத் திரும்பிப் பாத்தாங்களாம், எவன்டா இப்படி ஹாரன் அடிக்கிறான்னு. அந்த அசந்த நேரத்துல எதுத்தவன் பந்த எடுத்துட்டுப் போய்ப் போட்டுட்டான்னு பேசிக்கிறாங்க."

கடைசி வாக்கியம் டைம்கீப்பரின் சொந்தச் சரக்காக இருக்கலாம். வேறு நாளாக இருந்தால் டிரைவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். இப்போது போய்ச் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தார். பாலத்தின் உச்சியிலிருந்து, பக்கவாட்டில், அவ்வளவு தூரத்தில், வலையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். இத்தனை வருஷம் அந்த இடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? இதற்கு முன் பார்த்ததில் எத்தனை வெளிப்பக்கமோ. அடுப்படியில் நின்று அவர் விரித்துச் சொன்ன ஆட்டங்களில் எத்தனை நடக்காதவையோ. ஊரில் ஒருவன் சொல்லையும் நம்பாமல் இந்த இரண்டு கண்ணை மட்டும் நம்பிக் காலம் தள்ளியாயிற்று. அதுவும் கவிழ்த்துவிட்டது.

கண்டக்டர் அம்மாள் இரண்டு டீயோடு வந்தாள். "என்னண்ணே, முகத்த உர்ருன்னு வெச்சிருக்கீங்க?"

"விழாத கோல விழுந்துச்சுன்னு ஊருக்கே சொல்லிட்டேம்மா. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த ரோட்டுல போறது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். வேற ஏது உங்ககிட்ட?" டீயை அவர் கையில் திணித்தாள். "சொன்னீங்க, எல்லாரும் கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்தாங்க. யாரு செத்தா?"

"இந்த வருஷத்தோட சரி. இனிமே மைதானத்துப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. டீய குடிங்க, ஆறுது."

திரும்புகிற நடையில் செய்தி அவருக்கு முன்பே வழியெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. பழக்கடைக்காரர் இரண்டு கையையும் கண்ணுக்கு மேல் வைத்துத் தூரத்தில் பார்க்கிற மாதிரி அபிநயம் பிடித்தார். தையல்கார அம்மாள் வாசலுக்கு வந்து, "அண்ணே, அடுத்த கோல் எத்தனை மணிக்கு?" என்றாள். டிரைவர் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. முடிதிருத்தகத்து நிறுத்தத்தில் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஏறினார். கூடவே ஒரு தடித்த மனிதர், கைக்குட்டையால் மூக்குக்குக் கீழே பொத்திக்கொண்டு ஏறினார்.

"உன் கோலுக்கு நான் துள்ளின துள்ளல்ல என்ன ஆச்சு பாரு" என்று கடைக்காரர் அந்த மனிதரின் கைக்குட்டையை விலக்கினார். மீசையில் வலப்பக்கம் மட்டும் இருந்தது.

பேருந்து குலுங்கிச் சிரித்தது. அந்த முகத்தைப் பார்க்க டிரைவருக்குக் கூசியது. "மன்னிச்சுக்குங்க" என்றார்.

"பாதி மைதானம் பாத்தா பாதி மீசைதான் மிஞ்சும்" என்றார் அந்த மனிதர். குரலில் கோபம் இல்லை. டிரைவரின் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "மீசை போனா வளந்துரும். டீம் போனா? பாலத்துல மெதுவாப் போவீங்கதானே?"

"மாட்டேன். நேரா மூணாவது கியர்."

"அட, என்னங்க நீங்க. அதுக்குத்தானே நாங்க ரெண்டு பேரும் ஏறினோம். ஆட்டம் முடியப்போகுது. நடந்து போய்ச் சேரமுடியாது."

டிரைவர் சொன்னபடியே செய்தார். ஏற்றத்தில் வண்டி மூன்றாவது கியரில், பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மறந்திருந்த தெம்போடு ஏறியது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போன லாரியின் பின்பக்கத்தையே பார்த்தார்.

உச்சியில் பின்னாலிருந்து கண்டக்டரின் மணி அடித்தது. ஒரே ஒரு தரம். ஒரு மணி என்றால் நிறுத்து. கால் அவரைக் கேட்காமலேயே பிரேக்கை மிதித்தது.

"முன் சக்கரத்துல ஏதோ சத்தம் வருது" என்றாள் கண்டக்டர் அம்மாள். "எல்லாரும் இறங்குங்க. பாத்துட்டுத்தான் வண்டி எடுக்கணும்."

"என்னம்மா சத்தம்? எனக்குக் கேக்கலயே."

"உங்களுக்குக் கண்ணும் சரியில்ல, காதும் சரியில்ல. இறங்குங்கண்ணே. டெப்போவுல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

எல்லோரும் இறங்கினார்கள். சக்கரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன, கொஞ்ச நேரத்தில் அவற்றிலிருந்தும் ஆட்கள் இறங்கிவந்தார்கள். டிரைவர் கடைசியாக வந்தார், வேண்டாவெறுப்பாக வருகிறவர் மாதிரி.

இரண்டாவது பாதியில் இந்தப் பக்கத்துக் கோல் நம்முடையது. அடிக்கவேண்டிய கோல் பலகைக்குப் பின்னால், சோப்பு நுரைக்குப் பின்னால் இருந்தது. தெரிகிற பாதியில் ஆளே இல்லை. நம் ஆட்கள், அவர்கள் ஆட்கள், நடுவர், எல்லோரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். சாய்ந்த வெயிலில் வெறும் புல். அதன் நடுவில் நம் கோல்கீப்பர் மட்டும் மஞ்சள் சட்டையில் தனியாக நின்றான்.

"என்ன நடக்குது?" என்றார் பாதி மீசைக்காரர்.

"தெரியல" என்றார் டிரைவர்.

"சும்மா சொல்லுங்க."

"தெரியாதத இனிமே சொல்றதா இல்ல."

"தெரியறதச் சொல்லுங்கண்ணே" என்றாள் கண்டக்டர் அம்மாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மஞ்சச் சட்ட என்ன பண்றான்?"

டிரைவர் ஒவ்வொரு சொல்லாக, கையால் தட்டிப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி சொன்னார். "இடுப்புல கைய வெச்சிருக்கான். இப்ப எடுத்துட்டான். கோட்டுக்கு வெளிய நிக்கற பயிற்சியாளர் பக்கம் பாக்கறான். ஏதோ கேக்கறான். அவங்க கைய ஆட்டறாங்க." அவர் நிறுத்தினார். "ஓடறான்."

"எங்க?"

"அந்தப் பக்கம். கோல விட்டுட்டு ஓடறான்."

"ஐயையோ, கோல விட்டுட்டு எங்க போறான் பைத்தியக்காரன்?" கண்டக்டர் அம்மாள் பதறினாள்.

"கோல் அடிக்கம்மா. அங்க நமக்கு மூலையிலேருந்து அடிக்க கார்னர் கிடைச்சிருக்கணும். நேரம் முடியப்போவுது. தலை ஒண்ணு கூட இருந்தா நல்லதுன்னு போறான்."

"அதுக்குள்ள பந்து இந்தப் பக்கம் வந்துட்டா?"

"வந்தா அவ்வளவுதான்."

மஞ்சள் சட்டை நடுக்கோட்டைத் தாண்டியது, பலகைக்குப் பின்னால் மறைந்தது. இப்போது தெரிகிற பாதியில் ஒருவருமே இல்லை. காலிக் கோல், அதன் நிழல், புல். படிக்கட்டில் இருந்தவர்கள் ஒரு வரிசை எழுந்தார்கள், அதற்குப் பின் வரிசை எழுந்தார்கள், எல்லா முகமும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. பாலத்தின் மேல் ஹாரன் சத்தம் அடங்கியிருந்தது. கண்டக்டர் அம்மாள் டிரைவரின் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது போலிருந்தது. அவர் ஆளில்லாத அந்தப் புல்லை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். கோல் கம்பத்தின் நிழல் நீண்டு கிடந்தது. பந்து இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.