இரண்டரை அடி

இரத்தினம் நடுவறை மெசினின் முதல் நட்டில் ஸ்பானரைப் பூட்டி, கைப்பிடியில் ஒரு குழாயையும் செருகி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். நட்டு கிறீச்சிட்டு அரைச் சுற்று வந்தது.

சிவபாக்கியம் அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்பினாள். மன்னார் ஆஸ்பத்திரியில் புருசன் பரமநாதன் செத்துப்போன செய்தி வந்து ஒரு மணித்தியாலமாக, அடுப்படி நிலத்தில் இருந்த இருப்பை விட்டு அவள் அசையவில்லை. யார் யாரோ வந்து கட்டிப்பிடித்து அழுதபோதும் அசையவில்லை. இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவறைக்குள் வந்தாள்.

"கையை எடுங்கோ அத்தான்."

இரத்தினம் செத்தவரின் தமையன். நானாட்டானில் வயலும் உழவு மெசினும் உள்ளவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார்.

"தம்பியை எங்க பிள்ளை கிடத்திறது? முத்தத்திலயோ? நடு வீட்டுக்குள்ள இந்த இரும்பை வைச்சுக்கொண்டு செத்த வீடு செய்யேலுமே? கழட்டி வேலியோரம் போடுவம். முப்பத்தொண்டுக் கிரியை முடிய இரும்பு வாங்கிறவன் வந்து ஏத்திக்கொண்டு போகட்டும். நீயும் யதுர்சிகாவும் எங்களோட வந்திருங்கோ."

"அது கழட்டிற மெசின் இல்லை."

"மனிசன் பூட்டினதை மனிசன் கழட்டலாம்."

"பூட்டின மனிசன் ஆஸ்பத்திரியில கிடக்கிறார். திரும்பப் பூட்ட நீங்கள் வருவியளோ?"

வாசலில் நின்ற பெண்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். புருசன் செத்த அன்றைக்கு இப்படிக் கதைக்கிறவளை அவர்கள் கண்டதில்லை.

சிவபாக்கியம் குனிந்து நட்டைப் பார்த்தாள். நட்டிலும் அதன் பின்னால் இருந்த தகட்டிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது. மகள் யதுர்சிகா நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸால் பரமநாதன் இழுத்த கோடு. அரைச் சுற்றில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மேலும் மறுபாதி கீழுமாக நின்றது. மைத்துனரின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கோடும் கோடும் ஒட்டும்வரை திருப்பினாள். அதற்குப் பிறகு ஸ்பானரைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெசினடியிலேயே குந்திவிட்டாள்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த முதல் வருசம், பற்றைக்குள் கிடந்த தங்கள் உழவு மெசினின் எலும்புகளிலிருந்து பரமநாதன் நாலு தண்டுகளை எடுத்து வைத்தார். மிச்சத்தை இரும்பு வாங்குகிறவர்கள் அள்ளிப்போனார்கள். சண்டைக்கு முன்னம் மன்னார்ப் பட்டறையொன்றில் கடைசல் வேலை பார்த்த கை அவருக்கு. முகாமில் கொடுத்த நீல வாளிகள் உடைந்து ஊரெங்கும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி, நொறுக்கி, உருக்கி, அந்தத் தண்டுகளில் பூட்டுகிற அச்சுக்குள் ஏற்றி வலை பின்னுகிற ஊசி செய்யலாம் என்று ஒருநாள் சொன்னார். பைத்தியம் என்றார் தமையன்.

உருக்குவது பெரிய காரியம் இல்லை. அச்சின் இரண்டு பாதியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரியம். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் உருகின பிளாஸ்டிக் இடுக்கால் கசிந்து, ஊசியின் ஓரத்தில் வெங்காயத் தோல்போல ஒன்று வந்துவிடும். அது நைலோன் நூலில் சிக்கும். பள்ளிமுனையில் படகும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டி அருட்பிரகாசம் முதல் கொண்டுபோன ஊசிகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணை, இது வலையைத் தைக்கேல்ல, கிழிக்குது" என்று கொட்டிவிட்டுப் போனான்.

அதன்பிறகு நீளமான திருகு ஒன்றை வைத்து இறுக்கினார். நல்லாய்ப் பிடித்தது. ஆனால் மெசின் ஆறரை அடிக்கு வளர்ந்துவிட்டது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் நடுவறை பத்தடி நீளம். மற்ற அறையில் மகள் படிக்க வேண்டும். மூன்றரை அடிக்குள் சிவபாக்கியம் இரண்டு மழைக்காலம் முடங்கிப் படுத்தாள். நாள் முழுக்க வயலில் நாற்று நட்டு வந்த இடுப்பு. ஒரு விடிய, எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அவர் பார்த்தார். அன்றைக்கே திருகைக் கழற்றினார்.

பிறகு எட்டு மாதம் சுவரெல்லாம் கரிக்கோடு. ஒருநாள் நிலத்தில் இருந்து அடுப்படிக் கதவில் முதுகைச் சாய்த்து, எட்டின சுவரில் காலை வைத்து முழங்காலை மடக்கினார்.

"பாக்கியம், அங்கால நிண்டு கதவை இப்ப தள்ளு."

தள்ளினாள். முழங்கால் இன்னும் மடிந்து, ஆள் சரிந்தார். பிறகு காலை நேராக நீட்டினார்.

"இப்ப தள்ளு."

அகப்பைக் கையோடு முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினாள். ஆள் அசையவில்லை.

"பார்த்தியே? நேர நிண்டால் பிறகு பலம் தேவையில்லை. கையை எடுத்தாலும் நிக்கும்."

"விசர் மனுசன்! சோறு அடிப்பிடிக்குது" என்று அவள் ஓடினாள்.

பெரிய முழங்கால் ஒன்றுக்குப் பதிலாக, மேலும் கீழுமாக இரண்டு குட்டி முழங்கால்கள். மடங்கும்போது உள்ளுக்குள்ளேயே மடங்கும், பின்னால் இடம் கேட்காது. லீவரை இழுத்தால் இரண்டும் ஒன்றாக நிமிர்ந்து அச்சைப் பூட்டும். மெசின் இரண்டரை அடி குறைந்து நாலடிக்கு வந்தது. கடைசி நட்டைப் பூட்டிக் கோடு இழுத்த கையோடு பரமநாதன் தெற்கே தலையை வைத்து வெறும் நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். காலுக்கும் இரும்புக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார்.

"ஒரு சாண் மிச்சம். நீ என்னைவிடக் கட்டைதானே."

மடியில் கிடந்த ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து யதுர்சிகா.

"அம்மா, சவப்பெட்டிக் கடைக்காரர் நீளம் கேக்கிறார். வழமையா ஆறரை அடியாம்."

"ஐஞ்சடி பத்து அங்குலம். அதுக்கு மேல ஒரு நூல் கூடப்படாதெண்டு சொல்லு."

இரத்தினத்துக்குக் கோபம் வந்தது. "செத்தவனுக்குப் பெட்டியை இறுக்கி அளவு குடுக்கிறியே பிள்ளை?"

"இந்த வீட்டில எல்லாம் அளவு குடுத்துத்தான் செய்தது அத்தான். உங்கட தம்பி இதில படுத்துப் பார்த்தவர். எனக்குத் தெரியும்."

பின்னேரம் வாகனம் வந்தது. நாலுபேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். இரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். இடிக்கும், இடித்தபிறகு கதைப்போம் என்கிற நிலை. தலைமாடு தெற்குச் சுவருக்குப் போயிற்று. கால்மாடு இறங்கியது. பெட்டிக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடம் கிடந்தது. இரத்தினம் அந்த இடுக்கைக் கனநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், பந்தல் கம்புக்குக் கிடங்கு கிண்டிக்கொண்டிருந்தவனிடம் அலவாங்கை வாங்கித் தானே கிண்டத் தொடங்கினார்.

அப்போதுதான் சிவபாக்கியம் மடியிலிருந்த ஸ்பானரை எடுத்து மெசினின் மேல் வைத்துவிட்டு, பெட்டியோரம் விழுந்து அழுதாள்.

அடுத்தநாள் காலை அருட்பிரகாசம் பள்ளிமுனையிலிருந்து இரண்டு பேரோடு வந்தான். பெட்டியடியில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, போகும்போது மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஊசியைப் பற்றி யோசியாதேங்கோ. நாங்கள் வேற எங்கயும் பார்ப்பம்."

"ஆர் உங்களை வேற இடம் பார்க்கச் சொன்னது?"

"இல்லையக்கா... அண்ணையும் இல்லை..."

"அண்ணை செய்தது நிக்குதுதானே. லீவர் இழுத்தது அரைவாசி நானெல்லோ. முப்பத்தொண்டு கழிய வந்து எடுங்கோ. தோல் கிடந்தால் என்ர முகத்தில எறியுங்கோ."

அவன் தலையாட்டினான். இரத்தினத்தின் மனைவி சிவபாக்கியத்தை முழங்கையால் இடித்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

மத்தியானம் பெட்டி போயிற்று. ஆண்கள் சுடலைக்குப் போக, பெண்கள் தண்ணீர் ஊற்றி நடுவறையைக் கழுவினார்கள். தண்ணீர் மெசினின் அடியால் ஓடி வாசலால் இறங்கியது. நேற்று விடிய அவர் பூட்டினபடியே லீவர் நின்றது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு சரிந்தபோது அதிலிருந்துதான் அவருடைய கை வழுகியது. அச்சு திறக்கப்படவில்லை.

சிவபாக்கியம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு லீவரைப் பிடித்தாள்.

"செத்த வீட்டுத் துடக்கோட வேலைச் சாமானைத் தொடாதையடி" என்றாள் இரத்தினத்தின் மனைவி.

"அவற்ற வேலை உள்ளுக்க கிடக்குதக்கா."

லீவர் ஏறியது. குட்டி முழங்கால்கள் இரண்டும் உள்ளே மடங்கின. அச்சு விரிந்து, நீல ஊசி ஒன்று தகரத்தில் விழுந்தது. எடுத்து அதன் ஓரம் முழுவதும் பெருவிரலால் தடவினாள். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று. எங்கும் சிக்கவில்லை. கொண்டுபோய் மற்ற ஊசிகளோடு சாக்கில் போட்டுவிட்டு, திரும்பி வந்து லீவரை இழுத்துப் பூட்டினாள். வெளியே இருந்த பெண்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொழுது சாயச் சனம் குறைந்தது. யதுர்சிகா அழுத களைப்பில் உள்ளே படுத்துவிட்டாள். இரத்தினத்தின் மனைவி விறாந்தையில் பாயைத் தட்டிப் போட்டு, "இஞ்ச வந்து படு. அதுக்குள்ள எப்பிடிப் படுப்பாய்?" என்று கூப்பிட்டாள்.

சிவபாக்கியம் பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிலம் காய்ந்திருந்தது. தெற்கே தலையை வைத்துப் படுத்து, கால்களை நீட்டினாள். இரும்பு தட்டவில்லை. ஒரு சாணுக்கு மேலேயே மிச்சம் இருந்தது.