பின்னால் நிற்பவனின் கை

பணி ஓய்வு பெற்ற மறுநாளே நானும் மனைவியும் அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தோம். ஒரே மாதத்தில் அவள் கடலில் எல்லை காட்டும் மஞ்சள் கொடியைத் தாண்டி இடைநிலைக்காரர்கள் பக்கம் போய்விட்டாள். நான் கரையோரக் கற்றுக்குட்டிகளோடு கிடந்தேன். தினமும் கொடிக்கு அப்பாலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். என்ன ஜோக் என்று தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் உயிர் வாழ்வது?

கொடியைத் தாண்ட ஒரே நிபந்தனை: யாரும் தள்ளிவிடாமல் நாமே அலையைப் பிடிக்க வேண்டும். நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேனே! மூன்று மாடி உயர அலைகள். இடுப்பளவு என்பாள் மனைவி, பொறாமை.

ஆனால் ஒரு நெருடல். பயிற்சியாளன் எப்போதும் எனக்குப் பின்னாலேயே நின்றான். நான் குப்புறப் படுத்துக் கையால் துழாவும்போது பலகையின் வால் லேசாகத் துள்ளும். கடல் அப்படித் துள்ளாது. அது விரல்கள் உள்ள துள்ளல்.

"தம்பி, நீ தள்ளுறியா?"

"சேச்சே! எல்லாம் உங்க சொந்தக் கை சார். நாளைக்கே அந்தப் பக்கம் போயிடுங்க."

நாளைக்கேயா? ஏன் இத்தனை அவசரம்?

திரும்பிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் பலகையில் திரும்பிப் பார்ப்பவன் அடுத்த கணம் தலைகீழாகப் போய்க் கடலடியை ஆய்வு செய்துகொண்டிருப்பான். ஆகவே பக்கத்தில் மிதந்த பல் டாக்டரை வேவு பார்க்கச் சொன்னேன்.

"தள்ளவே இல்லீங்க, சத்தியமா. நீங்க தாராளமா போகலாம்," என்றார், வீங்கிய உதட்டைத் தடவியபடி. அந்த வீக்கம் போன வாரம் என் பலகை தந்தது. இந்தச் சாட்சியை எப்படி நம்புவது?

மறுநாள் கொடியைத் தாண்டினேன்.

"என்னங்க, வழி தவறிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொந்தக் கைன்னு பயிற்சியாளனே சொல்லிட்டான்."

"அவனா சொன்னான்!" அவள் சிரித்த சிரிப்பில் அவள் மேலும் சந்தேகம் வந்தது.

அலை வந்தது. காட்டெருமை போலத் துழாவினேன். அது எனக்கு அடியில் புகுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. ஆக, தள்ளியிருக்கிறான் படுபாவி! இத்தனை நாள் நான் சவாரி செய்தது அவன் கைமேல்.

"வால்லயே படுத்துக் கிடந்தா அலை எப்படிங்க தூக்கும்? பலகையோட மூக்கு ஆகாசத்தைப் பாக்குது. முன்னால நகருங்க!" என்றாள் மனைவி.

"எவ்வளவு?"

"ஒரு சாண். வயித்தையும் கூட்டிக்கிட்டு நகருங்க."

நகர்ந்தேன். அடுத்த அலையில் பலகை வழுக்கிக்கொண்டு இறங்கியது. எழுந்து நின்றேன்! ஒரு தும்மல் போடும் நேரம். என் கணக்கில் அரை நாள். அப்போதுதான் உறைத்தது: வால் துள்ளியதோ?

திரும்பினேன்.

மூக்கு நிறைய உப்புத் தண்ணீரோடு மேலே வந்தபோது, மனைவி எங்கோ தொலைவில் பலகைமேல் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"நின்னுட்டு ஏன் திரும்பினீங்க?" என்று கத்தினாள்.

"நீ தள்ளினியான்னு பாக்க!"

"இங்கேருந்தா?"

தூரத்தைக் கண்ணால் அளந்தேன். நம்பும்படியாகத்தான் இருந்தது. இருந்தாலும், அடுத்த அலைக்கு அவளை எனக்கு முன்னால் போகச் சொன்னேன்.