சிவப்புப் பட்டை

திங்கட்கிழமை காலை கணினி முன்னால் வந்து உட்கார்ந்ததும், திரையில் இருந்த படத்தைச் சுருக்க வழக்கமான இரண்டு விசைகளை அழுத்தினாள். படம் சுருங்கவில்லை. பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி விரிந்து, எப்படி உதவட்டும் என்று கேட்டது. "ஒழிஞ்சு போ" என்று அதனிடம் வாய்விட்டே சொன்னாள்.

பதினாறு வருஷமாக அந்த அச்சகத்தில் மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் வடிவமைக்கிறவள். லேபிளக்கா என்றால்தான் அங்கே யாருக்கும் தெரியும். முந்தின நாள், அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ வந்து பழைய மென்பொருளை எல்லாக் கணினிகளிலிருந்தும் துடைத்தெறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, மாப்பிள்ளைதான். முதலாளியின் மகளைக் கட்டியவன். அந்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை என்றாலும் காவலாளி முதல் மெஷின்காரர் வரை எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டிருந்தால், ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும், பழகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பாள். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை போலும்.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. பட்டன் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றான் மாப்பிள்ளை.

அவ்வளவுதானாம்! வீட்டுக்காரி வெளியே போன நேரத்தில் சமையலறையைத் தலைகீழாக அடுக்கிவிட்டு, உப்பு எங்கேயும் ஓடிப்போகவில்லை, இங்கேதான் இருக்கிறது என்று சொல்கிற கதை. பார்க்காமலே போய் நின்ற விரல்கள் இப்போது விசைப்பலகையின் மேல் திருதிருவென்று விழித்தன. ஒரு கோட்டை நகர்த்த மூன்று மெனு திறக்க வேண்டியிருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து அவன் எட்டிப் பார்த்து, "அதுக்கு ஷார்ட்கட் இருக்குக்கா" என்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நேற்று வந்தவன் இவளுக்குக் குறுக்குவழி சொல்லித்தருகிறான்! தலையே போனாலும் இவனிடம் எதையும் கேட்பதில்லை என்று செவ்வாய்க்கிழமைக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

புதன்கிழமை குழந்தைகளுக்கான இருமல் மருந்து லேபிள் வந்தது. பழைய லேபிளில் மஞ்சள் பட்டையின் மேல் கறுப்பு எழுத்து. அதைச் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக மாற்றித் தரும்படி மருந்துக் கம்பெனி கேட்டிருந்தது. பட்டையில் இருந்தது ஒரே வரிதான்: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. மாற்றினாள். திரையில் பளிச்சென்று இருந்தது. வழக்கமாக, வேலையை அனுப்புவதற்கு முன்னால் அச்சில் ஏறும் ஒவ்வொரு மையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் சன்னலைத் திறந்து பார்த்துவிடுவாள். திரை பொய் சொன்னாலும் அந்தச் சன்னல் பொய் சொல்லாது. புதிய மென்பொருளில் அது எங்கே இருக்கிறதென்று அரைமணி நேரம் தேடினாள். அகப்படவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவள் கேட்கவில்லை. அப்படியே அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மெஷின்காரர் ஒரு கையில் பழைய லேபிளும் மறு கையில் புதியதுமாக வந்து நின்றார்.

"அக்கா, புதுசுல பட்டை வெறும் பட்டையா இருக்கே. அப்படித்தானா?"

வாங்கிப் பார்த்தாள். வெறும் சிவப்பு. ஓர் எழுத்து இல்லை. அவள் திரையில் மட்டும் அந்த வரி இன்னும் வெள்ளைவெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளை என்று தனியாக மை கிடையாது. எழுத்து இருக்கும் இடத்தில் சிவப்பு விலகிக் காகிதம் தெரிந்தால்தான் வெள்ளை. பழைய கறுப்பு எழுத்துக்கு, பட்டையை விலக்காமல் மேலேயே அச்சடி என்று ஒரு குறிப்பு இருந்தது. பழைய மென்பொருளில் நிறத்தை மாற்றினால் அது தானாகக் கழன்றுவிடும். இதில் கழலவில்லை; பட்டை விலகாததால் வெள்ளை எழுத்து அச்சிலேயே வரவில்லை. நாற்பதாயிரம் லேபிள்களை வெட்டி, கட்டுக்கட்டாகக் கட்டியாகிவிட்டது. நான்கு மணிக்கு வண்டி வரும்.

மாப்பிள்ளை குனிந்து இரண்டே சொடுக்கில் அந்தச் சன்னலைத் திறந்தான். சிவப்பு மை மட்டும் தெரிந்தது. எழுத்தில்லாத முழுப் பட்டை.

"இங்கதான்க்கா இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதனாலேயே அவனை அறையலாம்போல இருந்தது. அவனை அறைந்து என்ன ஆகப்போகிறது, முதலில் தன்னை அறைந்துகொள்ள வேண்டும்.

முதலாளி வந்தார். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க? பெட்டிக்குள்ள சீட்டு வைப்பாங்கல்ல, அதுல இருக்கும். வண்டி போகட்டும். அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்."

"இது கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாத மருந்து, சார். சீட்டைப் பிரிச்சா பார்ப்பாங்க? பாட்டிலைத்தான் பார்ப்பாங்க."

"கம்பெனி கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன். அப்புறம் உன்னை இங்க வச்சுக்க முடியாது."

"சொல்லுங்க. என் தப்புதான். வீம்பு பிடிச்சுப் பார்க்காம அனுப்பினேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கிப் போட்டீங்களே, அது யார் தப்புன்னு நீங்களே சொல்லிக்கோங்க. வண்டி மட்டும் போகக் கூடாது."

"போகும்" என்றார் முதலாளி.

மாப்பிள்ளை அந்தச் சன்னலை மூடினான். அவள் விடுவிடுவென்று பொதி கட்டும் மேசைக்கு நடந்தாள். கழிவுத் தாள்களைக் குறுக்கே அடித்துவைக்கும் தடித்த கறுப்பு மார்க்கர் அங்கே ஆணியில் தொங்கியது. மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். முதல் கட்டின் வெட்டிய விளிம்பில், மேலிருந்து கீழ்வரை, அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். ஒரே இழுப்பில் ஐந்நூறு லேபிளின் ஓரத்திலும் மை ஏறியது. இனி எந்தப் பாட்டிலிலும் ஒட்ட முடியாது. அடுத்த கட்டு. அதற்கடுத்தது.

"ஏய், என்ன பண்றே! யாராவது அவளைப் பிடிங்கடா!" முதலாளி கத்தினார். மெஷின்காரர் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

வெளியே வண்டி பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வந்து, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதை ஏத்தணும்?"

மேசையில் பாதிக்கு மேல் கட்டுகள் மீதி இருந்தன. அவள் விரலெல்லாம் கறுப்பாக, அடுத்த கட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.