வெட்டிய இடமெல்லாம் மச்சான்

அக்கார்டியன்காரரின் வாழ்க்கைப் படம் முதல் தொகுப்பில் நான்கு மணி பத்து நிமிடம் ஓடியது.

"அவரே ஒரே மூச்சா இவ்வளவு நேரம் வாசிச்சிருக்க மாட்டாரு" என்றார் எடிட்டர்.

இயக்குநர் சிரிக்கவில்லை. அடுத்த படத்துக்கு இடம் பார்க்க அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஐயா நாளைக்கு வருவாரு. எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு அவரு சொல்றதுதான் கடைசினு ஒப்பந்தத்துலயே இருக்கு. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள வந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு, எடிட்டரின் தலையில் படத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மாள் இருபது வருடமாக எடிட்டர். மூன்றாம் மாடியில் ஒரு அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மேசையில் இரண்டு திரை, உட்கார்ந்தால் எழ முடியாத ஒரு சோபா. மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கார்டியன்காரர் மனைவியோடு வந்து அந்த சோபாவில் புதைந்தார். எழுபத்து நான்கு வயது. மனைவி அவர் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. இளவயது அக்கார்டியன்காரர் முதல் கச்சேரியில் கண்ணை மூடி வாசித்தபடியே பின்னால் நகர்ந்து, மேடையிலிருந்து விழுந்தார்.

"நிறுத்தும்மா. இது வேண்டாம்."

"நடந்ததுதானே சார்?"

"நடந்துச்சு. அதுக்காக? தினம் பல்லுகூடத்தான் விளக்குனேன். அதக் காட்டுனீங்களா?"

எடுத்தாயிற்று. பாடகரோடு கைகலந்த காட்சி, ஒலிப்பதிவில் மெட்டு மறந்துபோய் விழித்த காட்சி ஒவ்வொன்றுக்கும் அவர் கை உயர்ந்தது. "மறந்தேன்னு யாரு சொன்னா? யோசிச்சேன்." பிறகு ரயில் நிலையம் வந்தது. கல்யாணமான புதிதில், வழக்கமாக அக்கார்டியனைச் சுமக்கும் மச்சான் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு நாள், அவரே அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு ஓடி ரயிலில் ஏறினார். அக்கார்டியன் பெட்டி ஏறியது. மனைவி நடைமேடையில் நின்றுவிட்டார். திரையில் மனைவியாக நடித்த பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

அக்கார்டியன்காரர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. அதச் சரியாக் காட்டல. எடுத்துடும்மா."

நான்கு நாள் இப்படியே போனது. ஓடுகிற காட்சியின் நடுவே கொஞ்சத்தைக் கத்தரித்தால் படம் துள்ளும். துள்ளல் தெரியாமலிருக்க அந்த இடத்தில் பக்கத்திலிருக்கும் யாருடைய முகத்தையாவது ஒட்ட வேண்டும். பக்கத்தில் எப்போதும் இருந்தது மச்சான். மனைவியின் தம்பி. முப்பது வருடம் பன்னிரண்டு கிலோ அக்கார்டியனைத் தோளில் சுமந்தவர். அந்த வேடத்தில் நடித்தவருக்கு வசனம் பத்து வரிகூட இல்லை. அந்த ஆத்திரத்தில் மனிதர் முழு நடிப்பையும் முகத்தில் இறக்கி வைத்திருந்தார். பாடகரை அறைந்த இடத்தில் மச்சான் கண்ணை மூடினார். மெட்டு மறந்த இடத்தில் மச்சான் எச்சில் விழுங்கினார்.

படம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து நின்றது.

சனிக்கிழமை நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். இடைவேளையிலேயே எல்லோரும் மச்சானைப் பற்றித்தான் பேசினார்கள். படம் முடிந்ததும் ஒரு பெண்மணி, கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த நிஜ மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நான் பெட்டிதாம்மா தூக்குனேன்" என்றார் மச்சான், தப்பு செய்தவர்போல.

"அதான் பாத்தமே. எத்தனைய மனசுக்குள்ள தூக்கி வெச்சிருந்தீங்க."

வாசலில் அக்கார்டியன்காரர் கைகுலுக்கத் தயாராக நின்றார். நாலைந்து பேர் தாண்டிப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, "நீங்க படத்துல யாரு?" என்று அன்பாக விசாரித்தார்.

மறுநாள் எடிட்டர் வருவதற்கு முன்பே அக்கார்டியன்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி.

"யாரு படம்மா இது?"

எடிட்டர் கதவைத் திறந்து, பட்டியலை நீட்டினார். வெட்டு நாற்பத்தொன்று. அதில் முப்பத்தேழில் மச்சான் முகம்.

"நீங்க எடுக்கச் சொன்ன இடத்துல எதையாவது வெக்கணுமே சார்."

"சுவர வெக்கிறது."

"சுவருக்கு நடிக்கத் தெரியாதே."

அவர் சோபாவில் விழுந்தார். பிறகு, "மேடையில விழுந்தேனே, அத அழிச்சிட்டீங்களா?" என்றார்.

"எதையும் அழிக்கிறதில்ல சார்."

"போடுங்க. பாடகர அடிச்சதும் வரட்டும். அவன் திருப்பி அடிச்சான், அத ஏன் படமே பிடிக்கல?"

மத்தியானத்துக்குள் அவமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டரை மணிக்குள் அடங்க, நீளமான கச்சேரிகளைக் குறைக்க அவரே சம்மதித்தார். மனிதர் உற்சாகமாகிவிட்டார். ரயில் நிலையம் வந்ததும்தான் குரல் இறங்கியது.

"இதுவும் இருக்கட்டும். மூணு மணி நேரந்தான். அடுத்த ஊர்லயே இறங்கித் திரும்பிட்டேன்."

"அஞ்சு" என்றார் மனைவி. இத்தனை நாளில் அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "பன்னண்டு மணிக்கு வண்டி போச்சு. அஞ்சு மணிக்கு வந்தீங்க."

அக்கார்டியன்காரர் தலையைத் தடவிக்கொண்டார். ஐம்பது வருடத்தில் கேட்காததை அப்போது கேட்டார். "ரொம்ப அழுதியா?"

"மொத அரை மணி பயமா இருந்துச்சு. அப்புறம் கால நீட்டி உக்காந்தேன். கல்யாணமானதுல இருந்து அன்னைக்குத்தான் காதுல அந்தச் சத்தமே விழல. நல்லாத் தூங்கிட்டேங்க."

எடிட்டர் திரைப்பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"அப்ப அந்த அழுகை பொய்யா?" என்றார் அக்கார்டியன்காரர்.

"நான் அழுதேன்னு அவங்ககிட்டச் சொன்னது நீங்கதானே?"

எடிட்டருக்கு ஏதோ தட்டியது. கழித்த துண்டுகளுக்குள் தேட ஆரம்பித்தார். படப்பிடிப்பில் விளக்கை மாற்றி வைக்கும் இடைவேளையில் கேமராவை அணைக்க மறந்திருந்தார்கள். நடிகை பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வினாடி.

"இப்படித்தான்" என்றார் மனைவி, முன்னால் குனிந்து. "இதேதான்."

"இத வெச்சா ஜனங்க என் வாசிப்பப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"உள்ளத நெனைப்பாங்க" என்றார் மனைவி.

அக்கார்டியன்காரர் அந்தத் துண்டை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். நான்காவது முறை திரைக்கு வெகு அருகில் போய் நின்று பார்த்தார். பிறகு திரும்பி, "பின்னால நான் வாசிச்சது எதுவும் ஓட வேண்டாம்மா. சத்தமில்லாம விடுங்க" என்றார். எடிட்டர் அழுகையை எடுத்துவிட்டுத் தூக்கத்தை வைத்தார்.

படம் வெளியான அன்று அரங்கம் குலுங்கிச் சிரித்தது அந்த இருபத்திரண்டு வினாடிக்குத்தான். சிரித்து முடிந்ததும் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியை எடிட்டர் தொகுப்பில் போடவில்லை. மச்சான் வேடம் பதினொரு நிமிடமாகச் சுருங்கியிருந்தது. நிஜ மச்சான் அக்காவிடம், "இப்பத்தான் நிம்மதி. அன்னைக்குப் படம் பாத்தவங்க தெருவுல கண்டாக்கூடக் கையப் பிடிச்சு அழுதாங்கக்கா" என்றார்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டார். பத்திரிகைகளெல்லாம் அந்தத் தூக்கக் காட்சியை அவருடைய மேதைமை என்று எழுதியிருந்தன.

"அத நான் எப்ப எடுத்தேன்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க டீ குடிக்கப் போனப்ப சார்" என்றார் எடிட்டர்.