எல்லாருக்கும் ஒன்றாம் சேனல்

ஒரு சமுதாயத்தின் உயரத்தை அறிய அதன் கொடையாளர்களின் உள்ளத்தை அளந்தால் போதும் என்பது அய்யாவு பத்தொன்பது ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கிவந்த கருத்து. அவருடைய சொந்தக் குடும்பத்தின் கொடையுள்ளம், கிள்ளானில் உள்ள அவரது இரண்டு மாடி வரிசை வீட்டில் ஒன்பது வைஃபை பெட்டிகளாக வந்து இறங்கியது. தேவைப்பட்டவை இரண்டு.

கேட்டவள் மருமகள் வாணி. பிரிக்பீல்ட்ஸில் அவள் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்கு மனுப் போட்டு, இரண்டு நேர்காணல்களை கணினியில் சந்தித்திருந்தாள். முதலாவதில் வாய் திறந்தபடி திரையில் உறைந்து போனாள். இரண்டாவதில் தன்னுடைய பலங்களைப் பற்றி ஏழு நிமிடம் பேசி முடித்தபோது எதிரே யாரும் இல்லை. அவள் உட்காரும் பின்னறைக்கு வைஃபை வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை. மூன்றாவது நேர்காணல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு, வியாழன் காலை பத்து மணிக்கு. கடைசிச் சுற்று. இதுவும் போனால் பிந்துலுவுக்கே வந்துவிடு என்று அங்கே வேலை பார்க்கும் கணவன் யுகேந்திரன் சொல்லியிருந்தான். வாணிக்கு பிந்துலுவின் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சோறு மட்டும் வடிக்க அவளுக்கு விருப்பமில்லை.

ஆகவே பிரிக்பீல்ட்ஸில் கணினிக் கடை வைத்திருக்கும் தனேஷை அழைத்தாள். அவர் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார்.

"மேல ஒண்ணு, பின்னாடி ரூம்ல ஒண்ணு, ரெண்டு அக்சஸ் பாயிண்ட் போதும்கா. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வர்ட். நீங்க நடக்க நடக்க ஃபோன் தானா மாறிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்லா. அரை நாள் வேலை."

நாற்காலியில் இருந்த அய்யாவு நாளிதழைத் தாழ்த்தினார். "யாரு உபயம்?"

"என்ன அங்கிள்?"

"ரெண்டு பெட்டி மாட்டப் போறீங்க. யாரு உபயம்னு போட வேணாமா?"

அய்யாவு கோயில் தலைவராக இருந்த காலத்தில் அங்கே ஒவ்வொரு குழல் விளக்கிலும் உபயதாரர் பெயர் சிவப்புச் சாயத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுத்து போக மீதி இருந்த இடத்தில் வெளிச்சமும் கொஞ்சம் வந்தது. கொடுக்க வந்த எவரையும் அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில்லை. அன்று மதியமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'இல்லத் திருப்பணி' என்ற அறிவிப்பு வந்தது. பந்திங்கிலிருந்து அவருடைய அக்கா சீதாலெட்சுமி ஒரு பெட்டி அறிவித்தார். அதைப் பார்த்து ஜெஞ்சாரோமில் இருக்கும் சித்தப்பா ஒன்று. சித்தப்பாவைப் பார்த்து மற்றவர்கள். ரவாங்கில் இருக்கும் மைத்துனர் பக்கிரிசாமி மட்டும் இரண்டு பெட்டி கொடுத்தார். வைஃபை பெயரில் இத்தனை எழுத்துதான் போட முடியும் என்று தனேஷ் சொல்லிவிட்டதால், ஒரு பெட்டி அவர் பெயரையும் இன்னொரு பெட்டி அவர் வாங்கிய பதக்கத்தையும் தாங்க வேண்டியிருந்தது.

எட்டுப் பேர், ஒன்பது பெட்டி. எல்லாம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாக விற்ற ஒரே பழைய ரகம்.

"அங்கிள், இது இருபதடி அகல வீடு. ஒன்பதெல்லாம் ஒரு ஹோட்டலுக்கு மாட்டறது," என்றார் தனேஷ்.

"குடுத்தவங்க மனசு என்ன ஆகும் தம்பி?"

புதன்கிழமை உபயதாரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். நான்கு பேருக்கு சாமி மேடை அருகே வேண்டும். இரண்டு பேருக்கு வாசலுக்கு நேரே. மீதிப் பெட்டிகள் மாடிக்கும் மாடிப்படிக்கும் போயின.

"பெரியம்மா, உங்களோடத பின்னாடி ரூம்ல வச்சிக்கலாமா? அங்கதான் எனக்கு இண்டர்வியூ," என்று வாணி சீதாலெட்சுமியிடம் கேட்டாள்.

"அந்த ரூமுக்கு அடுத்தது என்னா?"

"பாத்ரூம்."

"என் பேரு பாத்ரூம் பக்கத்துலயா? உங்க மாமா பேரை வையேன், அவரு தலைவர்தானே."

தலைவரின் பெயர் ஏற்கெனவே சாமி மேடையில் ஏறியிருந்தது. யாருடைய பெயரும் பின்னறைக்கு வர மறுத்ததால், நேர்காணலே கூடத்துக்கு மாற்றப்பட்டது.

அடுத்து சேனல் வந்தது. தனேஷ் பொறுமையாக விளக்கினார்.

"ரேடியோ ஸ்டேஷன் மாதிரி அங்கிள். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு, இந்த மூணு சேனல்ல பிரிச்சி வச்சா ஒண்ணோட ஒண்ணு இடிக்காது."

"யாருக்கு ஒண்ணு?" என்றார் பக்கிரிசாமி.

"யாருக்கு வேணும்னாலும் அங்கிள். எல்லாம் ஒரே ஸ்பீட்தான்."

"அப்ப யாருக்குப் பதினொண்ணு?"

இந்த இடத்தில் தனேஷ் இருமியிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம். "மாடியில உள்ள ஆன்டியோட பெட்டிக்கு," என்றார்.

சீதாலெட்சுமி கைப்பையை மூடினார். "எட்டு பேரு குடுத்த எடத்துல எனக்குப் பதினொண்ணாவது எடமா? நான் இவனுக்கு மூத்தவ."

"அக்கா, எனக்கு ஆறாம். நான் ஏதாவது பேசினனா?" என்றார் பக்கிரிசாமி. "ரெண்டு பெட்டி குடுத்தவன். பேசல. மனசுல வச்சிருக்கேன்."

முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கை அய்யாவு கோயிலில் பத்தொன்பது ஆண்டு இழுத்தும் தீர்த்ததில்லை. வீட்டில் ஒரே வாக்கியத்தில் தீர்த்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணாம் சேனல்."

கைதட்டல் எழுந்தது. தனேஷ் மட்டும் தட்டவில்லை. "அங்கிள், அது ஒரே ரூம்ல ஒன்பது பேரு ஒரே நேரத்துல பேசற மாதிரி."

"எங்க குடும்பக் கூட்டமே அப்படித்தான் நடக்குது. என்ன கெட்டுப் போச்சி?"

"மாமா, நாளைக்கு எனக்கு இண்டர்வியூ," என்றாள் வாணி.

"அதுக்குத்தானேம்மா இவ்வளவும். உன் இண்டர்வியூதான் திறப்பு விழா."

வியாழன் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. கூடத்தின் நடுவே ஒரு மேசை, அதன் மேல் வாணியின் மடிக்கணினி, அதற்கு ஒரு சந்தனப் பொட்டு. பின்னால் நான்கு வரிசை நாற்காலி. சரியாகப் பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து ரோஸ்னா என்ற அம்மாள் திரையில் தோன்றினார். அவர் முதலில் பார்த்தது ஆரத்தித் தட்டை.

"கெண்டுரியா?" என்று கேட்டார். வீட்டில் ஏதும் விருந்து நடக்கிறதா என்று.

"இல்லை புவான். இந்த நேர்காணல்தான்," என்றாள் வாணி.

ரோஸ்னா சிரித்துவிட்டு முதல் கேள்வியைத் தொடங்கினார். அதே நேரத்தில் உபயதாரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தத்தம் பெட்டியின் வழியாக விழாவை முகநூலில் நேரலையாக அனுப்பத் தொடங்கினார்கள். ஒன்பது பெட்டிகளும் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. ரோஸ்னா ஒரு கண் மூடிய நிலையில் நின்று போனார்.

வாணி நாற்காலியில் திரும்பினாள். "தனேஷ்!"

"எட்டை ஆஃப் பண்ணணும்கா. ஒண்ணு மட்டும் இருந்தா ஓடும்."

"எந்த எட்டு?" என்று கூடம் முழுக்க ஒரே குரலில் கேட்டது.

பக்கிரிசாமி எழுந்து தன்னுடைய இரண்டு பிளக்குகளுக்கும் முன்னால் கைகளை விரித்து நின்றார். "தம்பி, என் பேரை வேணா அணை. பதக்கத்துல கை வைக்காதே. அது அரசாங்கம் குடுத்தது."

"அவரோடத அணைங்க தம்பி, ரெண்டு இருக்குல்ல?" என்றார் ஜெஞ்சாரோம் சித்தப்பா.

"திறப்பு விழாவுலயே விளக்கை அணைப்பாங்களா?" என்றார் சீதாலெட்சுமி. "நல்லதுக்கா இது?"

அய்யாவு எழுந்து தொண்டையைச் செருமினார். "அவசரக் கூட்டம் ஒண்ணு போட்டுடலாம். பெரும்பான்மை இருக்கு. முதல்ல இறைவாழ்த்து."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். நின்ற அந்த மறைவில் வாணி மடிக்கணினியைத் தூக்கினாள். "தனேஷ், ஒயர் இருக்கா?"

தனேஷ் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். இரண்டு முழம் நீளம். தெருவிலிருந்து வரும் இணைப்பு செருப்பு அலமாரிக்குப் பின்னால், தரையோடு ஒட்டிய சுவரில் இருந்தது. வாணி பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, கணினியை மடியில் வைத்து, கேபிளைச் செருகினாள். சந்தனப் பொட்டு விரலில் ஒட்டியது.

ரோஸ்னா மறு கண்ணைத் திறந்தார். "வாணி? நெருக்கடியான நேரத்தில் நீங்கள் எப்படி முடிவெடுப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டதா?"

அவள் தலைக்கு மேலே இறைவாழ்த்து இரண்டாம் அடிக்குப் போயிருந்தது. வாணி குனிந்து, இருபது ஜோடிச் செருப்புகளின் நடுவிலிருந்து பதில் சொன்னாள். நாற்பது நிமிடம் சொன்னாள். படம் ஒருமுறைகூட உறையவில்லை. அவசரக் கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் சிற்றுண்டிக்குக் கலைந்தது.

மூன்று நாள் கழித்து வேலை உறுதி என்று கடிதம் வந்தது. வாணி முதலில் யுகேந்திரனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு அந்தக் கேபிளைக் கழற்றாமல், செருப்பு அலமாரியைத்தான் நகர்த்தி ஒரு சின்ன மேசை போட்டுக்கொண்டாள்.

அய்யாவு ஜிப்பா அணிந்து, மாலை போட்ட ஒன்பது பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஒரு காணொளி எடுத்தார். "எட்டு உள்ளங்களின் கொடையால் எங்கள் இல்லத்தில் இன்று ஒரு பெண்ணின் வாழ்வு மலர்ந்திருக்கிறது," என்று தொடங்கி, எல்லாப் பெயர்களையும் பதக்கத்தையும் சொல்லி நன்றி கூறினார். பன்னிரண்டு நிமிடம். குடும்பக் குழுவில் அதற்கு முப்பத்தொரு கும்பிடு விழுந்தது.

கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் அதை அவரால் அனுப்ப முடிந்தது.