அனைவரும் வருக

எல்லா வினையும் இந்த இரண்டு சொற்களால் வந்தது. அவற்றை எழுதச் சொன்னது அண்ணி இல்லை. போர்டு எழுதுகிற பெயிண்டர் பாதி ஆயுளைக் கூட்ட அறிவிப்பு எழுதியே கழித்தவன். பலகையின் அடியில் இடம் மிஞ்சினால் அவன் கை சும்மா இருக்காது. அண்ணி சொன்னது இவ்வளவுதான்: பெண்களுக்குச் சைக்கிள் பழக்கம், ஞாயிறு காலை, நகராட்சி வண்டி நிறுத்துமிடம், இலவசம். அடியில் இடம் மிஞ்சியது, அவன் எழுதிவிட்டான். அழகாக வேறு எழுதித் தொலைத்தான்.

சைக்கிள் கடைக்காரரின் மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். முறைப்படி அவள் அண்ணி ஆனது ஒரே ஒருத்திக்கு, புருஷனின் தங்கைக்கு. தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது, ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். புருஷன் இறந்தபின், பிள்ளை குட்டியும் இல்லாமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து, தான் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு யாருக்காவது வேண்டுமோ என்கிற முகத்தோடே இருந்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். அண்ணிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பாப்பா மேல் அல்ல, அவளை அப்படி ஆக்கி அனுப்பியவர்கள் மேல்.

அனுப்பியவர்களும் விடுகிற பாடில்லை. பாப்பா புருஷனின் அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்தார். "அங்க சும்மாதானே இருக்கா. இங்க வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்கட்டும். எங்களுக்கும் ஒத்தாசை, அவளுக்கும் ஒரு இடம் ஆச்சு." ஒத்தாசை என்றால் சம்பளமில்லாத வேலைக்காரி என்று அண்ணிக்குத் தெரியும். அவள் புருஷனுக்கும் தெரியும். ஆனால் சங்கடமான பேச்சு வந்தால் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேட ஆரம்பித்துவிடுகிற மனுஷர் அவர்.

நல்ல வேளையாக நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கப் பெண்களை எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் பாப்பா தேறிவிட்டாள். பாக்கி, சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற வண்டி நிறுத்துமிடத்தில், அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. சைக்கிள் கடையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவள் அப்பா அந்தக் காலத்தில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வாடகைக்கு விட்டார், பெற்ற பெண்ணைத் தொட விடவில்லை.

"வேலை கிடைச்சுட்டா அவர் வாயை அடைச்சுடலாம் பாப்பா. ஓட்டிடுவியா?" என்றாள் அண்ணி.

பாப்பா தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கடைத் தெருவில் பழக முடியாது. லாரி, தள்ளுவண்டி, நாய், எல்லாம் ஒரே சந்தில். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் அந்த வண்டி நிறுத்துமிடம்தான் தோது என்று அண்ணி முடிவு செய்தாள். தேர்வு நடக்கிற இடத்திலேயே பழகினால் பயமும் தெளியும். இதைக் கடையில் சொல்லப்போக, ரொட்டிக்கடைக்காரம்மா நானும் வரேன் என்றாள், இஸ்திரிக் கடைக்காரரின் மருமகளும் வரேன் என்றாள். நல்ல காரியம்தானே, அப்படியே கடைக்கும் ஒரு விளம்பரம் ஆகட்டும் என்று அண்ணிக்கு ஆசை வந்தது. பலகை எழுதக் கொடுத்தாள். அந்த ஆசைக்குத்தான் இத்தனை தண்டனை.

முதல் ஞாயிறு அங்கே போய் நின்றபோது காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. கடை வாசலில் இருந்த பலகையைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தார்.

"அனைவரும் வருகன்னு போட்டிருக்கு. அப்ப இது பொது நிகழ்ச்சி. அனுமதி எங்க?"

"நாலு பொம்பளைங்க சைக்கிள் ஓட்டறது நிகழ்ச்சியா?"

"அது எனக்குத் தெரியாது. போர்டுல வருகன்னு இருக்கு."

திங்கட்கிழமை அண்ணி நகராட்சிக்குப் போனாள். நிகழ்ச்சி அனுமதிப் பிரிவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்கு எரிந்து விழலாம். இந்த மனிதர் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அன்பாகப் பேசினார். அண்ணிக்கு அதுதான் தாங்கவில்லை.

"நகராட்சி இடத்துல பொது நிகழ்ச்சி நடத்தினா இன்சூரன்ஸ் வேணும்மா. யாருக்காவது அடிபட்டு எங்க மேல கேஸ் போட்டா நாங்க என்ன பண்றது? பாலிசியில நகராட்சி பேரும் சேர்ந்து இருக்கணும். அப்புறம் உபகரணத்தைக் கொண்டுவந்து காட்டணும்."

"என்ன உபகரணம்?"

"சைக்கிள்."

"சார், கூட்டமே வேண்டாம். என் நாத்தனார் ஒருத்தி மட்டும் ஓட்டட்டும். உங்க வேலைக்குத்தான் சார் பழகறா."

"விளம்பரம் பண்ணிட்டீங்களேம்மா. எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டுட்டு, அப்புறம் ஒருத்தர்தான் வருவாங்கன்னா எப்படி?" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

இன்சூரன்ஸ் என்றால் அண்ணிக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள் தம்பி. ஆயுள் காப்பீட்டு முகவர். சொந்தத்தில் மூச்சு விடுகிற எல்லோருக்கும் பாலிசி போட்டு முடித்துவிட்டான். அவன் எதிரே வந்தால் தெரிந்தவர்கள் பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவார்கள். அக்கா தானாகத் தேடி வந்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நகராட்சி பேரும் வரணும்டா. அது முக்கியம்."

"வந்துட்டாப் போச்சு. நாமினி கட்டம் எதுக்கு இருக்கு?" எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை நிறுத்தினான். "உறவு முறை கேக்குது. நகராட்சி உனக்கு என்ன முறை வேணும்?"

"மாமியார் முறை."

"விளையாடாதக்கா. தாய் ஸ்தானம்னு போடறேன். மரியாதையா இருக்கும்."

நெற்றிக்கண்ணாடிக்காரர் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி இன்னொரு முறை படித்தார். "அம்மா, இதுபடி நீங்க செத்தா நகராட்சிக்குப் பணம் வரும்."

"வரட்டும் சார். அனுமதியைக் கொடுங்க."

"நீங்க இன்னும் சாகலையே," என்றார் அவர், ஆறுதலாக. "நாங்க கேட்டது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். உங்களால வேற யாருக்காவது அடிபட்டா அதுக்குக் கொடுக்கிறது. மெயின் ரோட்டு அந்தக் கோடியில பெரிய கம்பெனி இருக்கு, அங்க கேளுங்க."

அப்படித்தான் அந்த அலைச்சல் ஆரம்பமானது. மெயின் ரோட்டின் மேட்டுக் கோடியில் இன்சூரன்ஸ் கம்பெனி, இறக்கத்துக் கோடியில் நகராட்சி. இரண்டு இடத்திலும் சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கம்பெனியில் பார்த்தவர் பிரேக் கட்டையை மாற்றச் சொன்னார். நகராட்சியில் பார்த்தவர் பழைய கட்டையைக் காட்டச் சொன்னார். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாதே. அண்ணி முன்னால் பஸ்ஸில் போய் வரிசையில் இடம் பிடிப்பாள். பாப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து சேருவாள். முதல் நாள் அவள் வரும்போது அண்ணியின் முறை முடிந்து, ஜன்னலையே சாத்தியிருந்தார்கள்.

கம்பெனியில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் கேள்வி கேட்டார். "நிகழ்ச்சியில என்ன ஆபத்து வரலாம்?"

"விழுவாங்க."

"விழுவாங்கன்னு சொன்னா பாலிசி கஷ்டம் மேடம். விழ வாய்ப்பில்லைன்னு சொல்லுங்க."

"சைக்கிள் பழகறவங்க விழாம எப்படி சார் பழகுவாங்க?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தட்டச்சு செய்தார். "வேடிக்கை பார்க்கிறவங்க மேல சைக்கிள் மோதினா நாங்க கொடுப்போம். ஓட்டறவங்களே விழுந்தா கிடையாது."

"வேடிக்கை பார்க்க அங்க யாருமே இருக்கமாட்டாங்க."

"ரொம்ப நல்லது மேடம். அப்ப பிரச்சினையே வராது."

"அப்ப என் நாத்தனாருக்கு அடிபட்டா?"

"நீங்க ஒரு பார்ட்டி, நாங்க ஒரு பார்ட்டி. சைக்கிள் மோதி அடிபடறவர் தேர்ட் பார்ட்டி. அவங்க எந்தப் பார்ட்டியும் இல்லையே மேடம்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். எந்தப் பார்ட்டியும் இல்லாதவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவளாகத்தான் வெளியே நின்றாள். அதற்கும் சேர்த்து அண்ணிக்கு அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் மேல்தான் கோபம் வந்தது.

"முழங்கையில என்ன ரத்தம்?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"சுவத்துல உரசிடுச்சு அண்ணி."

"பார்த்து வரக்கூடாதா? நீ ஒருத்தி." அதற்கு மேல் கேட்க அண்ணிக்குப் பொறுமையில்லை.

சான்றிதழ் வந்தது. ஒரு நல்ல சைக்கிளே வாங்கியிருக்கக்கூடிய பணத்தைக் கடை வருமானத்திலிருந்து எடுத்து அதற்குக் கட்டினாள். நகராட்சியில் அதைப் பார்த்துவிட்டு, 'நகராட்சி' என்று மட்டும் இருந்தால் போதாது, 'நகராட்சியும் அதன் அலுவலர்களும் ஊழியர்களும்' என்று இருக்க வேண்டும் என்றார் நெற்றிக்கண்ணாடிக்காரர். மறுபடி மேட்டுக்கு. கம்பெனியில் 'ஊழியர்களும்' என்பதை விட்டுவிட்டார்கள். மறுபடி இறக்கத்துக்கு, மறுபடி மேட்டுக்கு. அண்ணிக்கு அந்த வழியில் போகிற பஸ் கண்டக்டர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தால் மனதுக்குள் வசை, இறங்கினால் வாயில் வசை. ஒரு நாள் அவள் நகராட்சி வாசலில் இறங்கும்போது பாப்பா முன்னாலேயே வந்து மரத்தடியில் நின்றிருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டே?"

"இறக்கம்தானே அண்ணி," என்றாள் பாப்பா. மூச்சு வாங்கியது. புடவை ஓரத்தில் செயின் கிரீஸ். அண்ணி 'ஊழியர்களும்' இருக்கிறதா என்று காகிதத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள், புதன்கிழமை, அனுமதி கிடைத்தது. நெற்றிக்கண்ணாடிக்காரர் முத்திரை குத்தி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "வாழ்த்துகள்மா. வர்ற ஞாயித்துக்கிழமை ஜம்முனு நடத்துங்க."

"நாளைக்குத் தேர்வு சார்."

"அப்படியா?" அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அவசரம்னு ஒரு சீட்டு வெச்சிருப்பேனே."

முதல் நாளிலிருந்து அண்ணி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அன்று காலையில்தான் பாப்பா புருஷனின் அண்ணன் போன் செய்திருந்தார். வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன், பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள் என்று.

"என் வாயால கெட்டுது பாப்பா. உன்னைப் பேசாம நம்ம தெருவுலயே பிடிச்சு ஓட விட்டிருக்கலாம். போர்டு எழுதினேன் பாரு, போர்டு."

பாப்பா சைக்கிளை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். பிறகு, "எழுந்திருங்க அண்ணி. பஸ் வருது. நீங்க ஏறுங்க, நான் வந்துடறேன்," என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி அண்ணி கேட்டதில்லை.

பஸ் மூன்றாவது நிறுத்தத்தில் நின்றபோது அண்ணி ஜன்னல் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே சைக்கிள் மணி அடித்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த சந்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மேட்டில் ஏறி மிதித்துப் போனாள் பாப்பா. அண்ணியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடுவாள்.

வீட்டில் அண்ணி அவளை உட்கார வைத்து முழங்கால், முழங்கை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். "எத்தனை தடவை விழுந்தே? எங்க விழுந்தே?"

"ரோட்டுலதான். நீங்க பஸ்ல போனதும், முதல்ல ஒரு காலை வெச்சுப் பார்த்தேன். இறக்கத்துல அதுவா போச்சு அண்ணி."

"பஸ் போற ரோடுடீ."

"அங்க யாரும் அனுமதி கேக்கலையே."

அண்ணிக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. மஞ்சள் மருந்தில் பஞ்சை நனைத்து, கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

வியாழக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர்ப் பிரிவு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவலாளி இன்றைக்குக் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார். அண்ணியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சார், இதுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா?"

"எதுக்கும்மா?"

"யாராவது விழுந்தா?"

"விழுந்தா தேறலைன்னு அர்த்தம்," என்றார் அவர்.

பாப்பா விழவில்லை. கோட்டைத் தாண்டாமல் போய், திரும்பி, நாற்காலிக்கு முன்னால் காலை ஊன்றி நின்றாள். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "நல்லா ஓட்டறீங்க. எங்கம்மா பழகினீங்க?"

இங்கே ஏதாவது சொல்லப்போக, அதற்கு ஒரு சான்றிதழ் கேட்டுவிட்டால்? அண்ணி பாப்பாவைப் பார்த்துச் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள்.

"இங்க பழக அனுமதி வாங்க அலைஞ்சோம் சார்," என்றாள் பாப்பா, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "அலைஞ்ச வழியில பழகிட்டேன்."

அதிகாரிக்குப் புரிந்ததோ இல்லையோ, தேர்ச்சி என்று எழுதினார். அண்ணியின் கையிலிருந்த போன் அடித்தது. வண்டி அனுப்புகிறவர்தான். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். பாப்பா ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.

"கொடுங்க அண்ணி. நான் பேசறேன்."